ஏலத்துக்கு வரும் கினி பிக்: வைட்டமின் சி-யைக் காட்டிக் கொடுத்த பிராணியின் கதை

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கிராமப்புறங்களில் கால்நடை ஏலம் நடக்கும். நம்ம ஊர் மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு, அதுக்குள்ள கையை விட்டு விரலைப் பிடிச்சு விலை பேசுவாங்க இல்லையா? அங்கே அந்த ரகசியமெல்லாம் கிடையாது. ஏலக்காரர் மைக்கில் மூச்சு விடாமல் விலையை ஏத்திக்கிட்டே போவார். மாடு, ஆடு, பன்றி எல்லாம் ஒரு பக்கம். இன்னொரு ஓரத்தில் சின்னப் பிராணிகள். கோழி, வாத்து, முயல். அந்த வரிசையில் அட்டைப் பெட்டிக்குள்ளோ கம்பிக் கூண்டுக்குள்ளோ கினி பிக் இருக்கும்.

பெட்டியோடு ஒரு விலை. உள்ளே எத்தனை ஆண், எத்தனை பெண், என்ன வயசு, யாரும் கேட்கமாட்டாங்க. வாங்குகிறவர்களில் குழந்தைக்கு விளையாடக் கொடுக்க வாங்குபவர் உண்டு, குட்டி போட்டு விற்க வாங்குபவர் உண்டு, வீட்டில் வளர்க்கும் பாம்புக்கு இரையாக வாங்குபவரும் உண்டு. கூட்டத்தில் இன்னொரு வகை ஆட்களும் நிற்பாங்க. உடம்பு சரியில்லாத பெட்டியாகப் பார்த்து வாங்கி, வீட்டுக்கு எடுத்துப்போய், வைத்தியம் பார்த்து, நல்ல இடத்தில் சேர்க்கிறவர்கள். பெரும்பாலும் சொந்தக் காசில் செய்கிறவர்கள்.

இந்த நீண்ட பதிவு அவங்களைப் பற்றியது. அதைவிட அதிகமா அந்தப் பிராணியைப் பற்றியது. டாக்டர்களாகிய நாங்க அந்தப் பிராணிக்குப் பட்டிருக்கிற கடன் கொஞ்சநஞ்சம் இல்லை. உங்க பங்கும் அதுல இருக்கு. கொஞ்சம் பொறுமையா படிங்க.

ஏலத்தில் வாங்கிய கினி பிக்கைத் தூக்கினால் பல நேரம் அது வலியில் கத்தும். நடக்கச் சொன்னால் நடக்காது. முட்டி வீங்கியிருக்கும், முடி கொட்டியிருக்கும், ஈறில் ரத்தம், எடை இல்லை. பார்க்கிறவங்க "கால் ஒடிஞ்சிருக்கு போல" என்பாங்க. எலும்பு ஒடியாமலேயே இப்படி ஆகும். அது ஸ்கர்வி. வைட்டமின் சி குறைபாடு. முயலுக்குப் போடுகிற தீவனத்தையே இதுக்கும் போட்டு வளர்த்தால் இரண்டு மூன்று வாரத்தில் ஆரம்பித்துவிடும். முயல் தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தானே தயாரிச்சுக்கும், அதனால் முயல் தீவனத்தில் அதைச் சேர்க்க வேண்டிய அவசியம் இல்லை. கினி பிக்கால் தயாரிக்க முடியாது. உங்களாலும் என்னாலும் முடியாது.

இந்த ஒரு ஒற்றுமைதான் 20ஆம் நூற்றாண்டு மருத்துவத்தில் ஒரு பெரிய கதவைத் திறந்தது.

முதலில் பெயர். கினி பிக். கினி என்பது ஆப்பிரிக்காவில் இருக்கும் நாடு. இந்தப் பிராணி அங்கே பிறந்ததில்லை. பிக் என்றால் பன்றி. அதுவும் இல்லை. கொறிக்கும் பிராணி, எலி, அணில் வகையறா. தமிழில் சீமைப் பெருச்சாளி என்று ஒரு பெயர் உண்டு. பெருச்சாளியும் இல்லை என்று அது கோபித்துக்கொள்ளலாம். பெட் ஷாப்பில் எல்லாரும் சொல்வது கினி பிக்தான், நாமும் அதையே வச்சுக்குவோம்.

சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. இன்றைய பெரு, பொலிவியா, ஈக்வடார் பகுதி. பல ஆயிரம் வருடங்களுக்கு முன்பே அங்கே மக்கள் இதை வீட்டில் வளர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். எதுக்குன்னு கேட்டீங்கன்னா, சாப்பிட. நம்ம வீட்டுக் கொல்லையில் கோழி மேய்கிற மாதிரி அங்கே அடுப்படியில் இது ஓடும். பெருவின் குஸ்கோ நகரத்துப் பெரிய தேவாலயத்தில் மார்கோஸ் சபாட்டா வரைந்த இயேசுவின் கடைசி இராவுணவு ஓவியம் ஒன்று இருக்கிறது. அதில் மேசை நடுவில் தட்டில் மல்லாந்து கிடப்பது கினி பிக் என்றுதான் பெரும்பாலானவர்கள் சொல்கிறார்கள். அவங்க ஊர் விருந்து அப்படி.

டாக்டராக எனக்குச் சுவாரசியமான விஷயம் வேற. அந்த ஊர் நாட்டு வைத்தியர்கள் நோயாளியின் உடம்பு முழுக்க ஒரு கினி பிக்கைத் தடவி எடுத்து, பிறகு அதை அறுத்துப் பார்ப்பார்கள். அதன் உள்ளுறுப்பில் எங்கே கோளாறு தெரிகிறதோ, அங்கேதான் மனுஷனுக்கும் நோய் என்பது நம்பிக்கை. இன்றும் சில இடங்களில் இது நடக்கிறது. கேட்டதும் சிரிப்பு வரும். ஆனா கொஞ்சம் பொறுங்க. பல நூறு வருஷம் கழிச்சு, ஐரோப்பாவின் ஆய்வகங்களில் வெள்ளைக் கோட்டு போட்டவர்களும் நோயாளியின் உடம்பில் என்ன இருக்கு என்று தெரிந்துகொள்ள கினி பிக்கைத்தான் அறுத்துப் பார்த்தார்கள். அது மூடநம்பிக்கை, இது அறிவியல், ஒத்துக்கறேன். பிராணிக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் வழியாக ஐரோப்பாவுக்கு வந்தது. 1554-லேயே சூரிச்சில் இருந்த கான்ராட் கெஸ்னர் இதைப் பற்றி எழுதிவிட்டார். அவரும் ஒரு டாக்டர். ஐரோப்பாவில் இது சாப்பாட்டுத் தட்டுக்குப் போகவில்லை, பணக்கார வீட்டுக் குழந்தைகளின் மடிக்குப் போனது. 1580 வாக்கில் வரைந்த ஒரு ஆங்கிலேய ஓவியத்தில் பட்டு உடுத்திய மூன்று குழந்தைகள் நிற்கிறார்கள், ஒரு குழந்தை கையில் கினி பிக் இருக்கிறது. எங்கிருந்தோ கப்பலில் வந்த அபூர்வப் பொருள்.

அபூர்வம் என்பது இந்தப் பிராணி விஷயத்தில் ரொம்ப நாள் நிற்காது. காரணம் எளிது, அது போடும் குட்டி. இதைப் பற்றிப் பின்னால் சொல்றேன்.

மலிவு, சாது, கடிக்காது, சின்ன இடம் போதும். ஆய்வாளர்கள் கண்ணில் படாமல் இருக்குமா? 1782-83 குளிர்காலத்தில் பாரிஸில் லவாய்சியரும் லாப்லாஸும் ஒரு கினி பிக்கைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துக்குள் வைத்தார்கள். அதன் உடம்புச் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார்கள். 10 மணி நேரத்தில் சுமார் 13 அவுன்ஸ். மூச்சு விடுவதும் மெழுகுவர்த்தி எரிவதும் அடிப்படையில் ஒரே வேலைதான் என்று சொல்ல அந்த அளவீடு உதவியது. இன்னிக்கு நாம "கலோரி கலோரி" என்று கணக்குப் பார்த்துச் சாப்பிடுகிறோமே, அந்தச் சிந்தனையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று அந்தப் பாத்திரம்.

அடுத்து காசநோய். 1882 மார்ச் 24, பெர்லின். ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததை அறிவித்த நாள். அதனால்தான் இன்றும் மார்ச் 24 உலகக் காசநோய் தினம். கிருமியைப் பார்த்தேன் என்று சொன்னால் போதாது, அதுதான் நோயை உண்டாக்குகிறது என்று நிரூபிக்க வேண்டும். வளர்த்த கிருமியை கினி பிக்குக்குள் செலுத்தி நிரூபித்தார். காசநோய்க்கு அவ்வளவு எளிதில் பலியாகும் பிராணி அது. அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு, சந்தேகமான நோயாளியின் சளியையோ சிறுநீரையோ கினி பிக்குக்குச் செலுத்தி, சுமார் ஆறு வாரம் கழித்து அதை அறுத்துப் பார்ப்பதே ஒரு பரிசோதனை முறையாக இருந்தது. இப்போ ஜீன் எக்ஸ்பர்ட் இயந்திரத்தில் இரண்டு மணி நேரத்தில் ரிசல்ட் வருகிறது. உங்க தாத்தா காலத்தில் அந்த இயந்திரத்தின் வேலையை ஒரு உயிர் பார்த்தது.

தொண்டை அடைப்பான் என்கிற டிப்தீரியா. குழந்தைகளை மூச்சு முட்ட வைத்துக் கொன்ற நோய். 1890-ல் பெரிங்கும் கிடசாட்டோவும் நச்சு முறிவு மருந்துக்கு வழி கண்டார்கள். மருந்து வந்துவிட்டது, ஆனால் ஒவ்வொரு புட்டியிலும் ஒவ்வொரு வீரியம். எதை எவ்வளவு போடுவது? 1897-ல் பால் எர்லிச் அதற்கு அளவுகோல் தந்தார். 250 கிராம் எடையுள்ள ஒரு கினி பிக்கை நான்கு நாளில் கொல்லும் நச்சின் அளவு எதுவோ, அதிலிருந்து கணக்கு தொடங்கும். மீட்டர், கிலோ மாதிரி ஒரு கினி பிக்கின் சாவு அளவீட்டு அலகாக மாறியது. இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. அந்த மருந்தால் பிழைத்த குழந்தைகளின் எண்ணிக்கையை நினைத்தால் "வேண்டாம்" என்று சொல்லவும் வாய் வரவில்லை.

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம்.

ஸ்கர்வி கடலோடிகளின் நோய். மாதக்கணக்கில் காய்கறி, பழம் இல்லாமல் போனால் ஈறு அழுகும், பழைய காயம் திறந்துகொள்ளும், முட்டி வீங்கும், கடைசியில் சாவு. 1747-லேயே ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர் 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர் மட்டும் சட்டென்று தேறியதைப் பார்த்தார். பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாறு கொடுக்க ஆரம்பித்தது 1795-ல். கிட்டத்தட்ட ஐம்பது வருஷம்! அதற்குப் பிறகும் "ஏன்" என்று யாருக்கும் தெரியவில்லை. ஏன் என்று தெரியாவிட்டால் தெரிந்த மருந்தும் கை நழுவிப் போகும். அப்படித்தான் ஆனது. 19ஆம் நூற்றாண்டில் எலுமிச்சைக்குப் பதிலாக மேற்கிந்தியத் தீவுகளின் லைம் சாற்றுக்கு மாறினார்கள். 1875-ல் நேர்ஸ் தலைமையில் வட துருவத்துக்குப் போன குழுவில், அந்தச் சாறு கையில் இருந்தும் ஸ்கர்வி வந்தது. உடனே "பழச்சாறு கதையே பொய், கெட்டுப்போன இறைச்சிதான் காரணம்" என்று பெரிய பெரிய ஆட்களே பேச ஆரம்பித்தார்கள்.

இந்தக் குழப்பத்தை உடைத்தது நார்வே. இன்றைய ஓஸ்லோவுக்கு அப்போது கிறிஸ்டியானியா என்று பெயர். ஆக்சல் ஹோல்ஸ்ட் என்ற சுகாதாரப் பேராசிரியரும் தியோடர் ஃப்ரோலிக் என்ற குழந்தைகள் டாக்டரும் ஸ்கர்வியைத் தேடவே இல்லை. நார்வே மாலுமிகளுக்கு வந்த பெரிபெரி போன்ற ஒரு நோயைத்தான் தேடினார்கள். பெரிபெரியைக் கோழியில் உண்டாக்க முடியும் என்று டச்சுக்காரர்கள் ஜாவாவில் ஏற்கெனவே காட்டியிருந்தார்கள். ஹோல்ஸ்டுக்குப் பறவை போதவில்லை, பாலூட்டி வேண்டும் என்று தோன்றியது. கினி பிக்கை எடுத்தார். வெறும் தானியமும் ரொட்டியும் போட்டார். அதுக்குப் பெரிபெரி வரவில்லை. ஈறு வீங்கியது, எலும்பு நொறுங்கியது, முட்டியில் ரத்தம் கட்டியது. பச்சை முட்டைக்கோசும் எலுமிச்சைச் சாறும் கொடுத்தால் வரவில்லை. சாட்சாத் ஸ்கர்வி.

1907-ல் வெளியிட்டார்கள். எலியை எடுத்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. எலி, முயல், நாய், பூனை எல்லாமே வைட்டமின் சி-யைத் தாமே தயாரிக்கின்றன. கைக்கு எட்டும் ஆய்வகப் பிராணிகளில் முடியாதது இது ஒன்றுதான். அவர்களுக்கு அது தெரியாது. சும்மா அமைந்தது.

கினி பிக் இப்போது ஒரு அளவுகோலாக மாறியது. எந்த உணவில் ஸ்கர்வியைத் தடுக்கும் சக்தி எவ்வளவு என்று கேட்டால் பதில் சொல்லும் பிராணி. முதல் உலகப் போரில் இந்தக் கேள்வி நம்ம ஆட்களின் உயிர்ப் பிரச்சினையாக வந்தது. இன்றைய ஈராக்கில் கூட்-அல்-அமாரா என்ற ஊரில் 1915 டிசம்பரிலிருந்து 1916 ஏப்ரல் வரை பிரிட்டிஷ் இந்தியப் படை முற்றுகையில் மாட்டிக்கொண்டது. வெள்ளை மாவு ரொட்டி தின்ற பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெரிபெரி. கோதுமை ஆட்டா தின்ற இந்தியச் சிப்பாய்களுக்கு அது வரவில்லை, பதிலாக ஸ்கர்வி வந்தது. காய்கறி இல்லை. குதிரை இறைச்சியைத் தொட அவர்களில் பலருக்கு மனசு வரவில்லை.

லண்டனில் லிஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ஹாரியட் சிக் தலைமையில், பெரும்பாலும் பெண்கள் அடங்கிய குழு (ஆண்கள் போருக்குப் போய்விட்டார்களே) இதைக் கையில் எடுத்தது. கினி பிக்குகளை வைத்து ஒவ்வொரு உணவாகச் சோதித்தார்கள். லைம் சாற்றின் சக்தி எலுமிச்சைச் சாற்றில் சுமார் கால் பங்குதான் என்று 1918-ல் தெரிந்தது. நேர்ஸ் குழுவுக்கு என்ன நடந்தது என்பது நாற்பது வருஷம் கழித்துப் புரிந்தது. நம்ம ஊர்ப் புளி, மாங்காய் வற்றல் வரைக்கும் சோதித்தார்கள். உலர்ந்த பயறில் ஒன்றும் இல்லை, ஆனால் அதையே ஊற வைத்து முளைகட்டினால் ஸ்கர்வியைத் தடுக்கும் சக்தி வந்துவிடுகிறது என்று ஹோல்ஸ்டின் சகாவான ஃபர்ஸ்ட் முன்பே கண்டிருந்தார். சிக் குழு அதை அளந்து உறுதிப்படுத்தி, காய்கறி கிடைக்காத இடத்தில் சிப்பாய்க்கு முளைப்பயறு கொடுங்கள் என்று சொன்னது. இன்று காலையில் ஒரு கிண்ணம் முளைப்பயறு சாப்பிட்டுவிட்டு இதைப் படிக்கிறவர்கள் இருப்பீங்க. உங்க பாட்டிக்கு அது முன்பே தெரியும் என்பது சரி. அதை அளந்து கையெழுத்துப் போட்டது கினி பிக்.

நம்ம நீலகிரியும் இந்தக் கதையில் உண்டு. குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் 1918-ல் ஒரே ஒரு அறையில் ராபர்ட் மக்காரிசன் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அங்கே அவர் ஸ்கர்வி உண்டாக்கும் உணவைக் கினி பிக்குகளுக்குக் கொடுத்து, அட்ரினல் சுரப்பியில் என்ன சேதம் நடக்கிறது என்று பார்த்து எழுதினார். ஈறு, முட்டி மட்டுமல்ல, உள்ளே சுரப்பிகளும் பாதிக்கப்படுகின்றன என்று சொன்ன வேலை அது. அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. நம்ம தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று அரசுக்குச் சொல்லும் நிறுவனம்.

கடைசிக் கட்டம் ஹங்கேரி. ஆல்பர்ட் சென்ட்-ஜியோர்ஜி 1928-ல் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அது என்னவென்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. எனக்குத் தெரியாது என்ற அர்த்தம் வரும்படி ஒரு பெயர் வைக்கப் பார்த்தார், பத்திரிகை ஆசிரியர் மறுத்துவிட்டார். "கடவுளுக்கே வெளிச்சம்" என்பது மாதிரி இன்னொரு பெயர் வைத்தார், அதையும் மறுத்துவிட்டார். ஜாலியான மனுஷன். 1932-ல் செகெட் நகரத்தில் அவரோடு வேலை செய்த ஜோசப் ஸ்விர்பெலி அந்தப் பொருளைக் கினி பிக்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். வேகவைத்த உணவு மட்டும் தின்றவை ஸ்கர்வியில் செத்தன. அதே உணவோடு தினம் ஒரு மில்லிகிராம் இந்தப் பொருளும் பெற்றவை நன்றாக இருந்தன. அதுதான் வைட்டமின் சி. அமெரிக்காவில் கிங் என்பவரும் அதே வருஷம் அதே முடிவுக்கு வந்தார், யார் முதல் என்று பெரிய சண்டை, அது நமக்கு வேண்டாம்.

பெரிய அளவில் அந்தப் பொருளை எடுக்க எதில் போவது என்று தேடியபோது சென்ட்-ஜியோர்ஜிக்குக் கிடைத்தது அவர் ஊரில் மலையாகக் குவியும் பாப்ரிகா மிளகாய். அதிலிருந்து கிலோ கணக்கில் எடுத்தார். 1937-ல் நோபல் பரிசு.

நமக்கும் கினி பிக்குக்கும் ஏன் இதைத் தயாரிக்க முடியவில்லை என்பது 1950களில் தெரிந்தது. குளுக்கோஸிலிருந்து வைட்டமின் சி செய்யும் பாதையின் கடைசிப் படியில் ஒரு என்சைம் வேண்டும். நம் முன்னோர்களான குரங்கினத்தில் அது பல கோடி வருடங்களுக்கு முன்பே பழுதாகிவிட்டது. கினி பிக்கின் முன்னோர்களில் தனியாக, வேறொரு காலத்தில், அதே என்சைம் பழுதானது. பச்சை இலையும் பழமும் தாராளமாகக் கிடைத்த இடத்தில் வாழ்ந்ததால் அந்தப் பழுது இருவரையும் அப்போது கொல்லவில்லை.

இப்போ அந்த ஏலப் பெட்டிக்குத் திரும்பிப் பாருங்க. 1907-ல் கிறிஸ்டியானியாவில் தானியம் மட்டும் போட்டு வேண்டுமென்றே உண்டாக்கிய அதே நோய், 100 வருஷம் கழித்து, கவனிப்பில்லாததால் உண்டாகிறது. இந்த முறை அதிலிருந்து யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை. எனக்கு இதுதான் உறுத்துகிறது.

சட்டம் எதுவும் இல்லையா என்று கேட்பீங்க. சந்தையும் பிராணி வதைச் சட்டமும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து வந்தவை. 1822-ல் ரிச்சர்ட் மார்ட்டின் என்ற அயர்லாந்து எம்.பி. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் கால்நடை வதைக்கு எதிரான சட்டத்தைக் கொண்டு வந்தார். அடிபட்ட கழுதையையே கோர்ட்டில் கொண்டு வந்து நிறுத்தினார் என்று அவரைப் பற்றிக் கதை சொல்வார்கள். 1824-ல் லண்டனில் ஒரு காபிக் கடையில் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள், பிறகு ராணியின் ஆதரவு கிடைத்து ராயல் பட்டம் பெற்ற சங்கம். அதன் ஆட்கள் முதலில் போய் நின்ற இடம் ஸ்மித்ஃபீல்டு, லண்டனின் பெரிய கால்நடைச் சந்தை. ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கவே காசில்லை. அதை நடத்திய பாதிரியார் ஆர்தர் புரூம் சங்கத்தின் கடனுக்காக ஜெயிலுக்கே போனார்.

அவர்கள் சந்தையில் பிராணியை வாங்கவில்லை, அடித்தவனைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள் என்பதை மனசில் வச்சுக்கோங்க.

அமெரிக்காவில் 1966 சட்டம். 1965-ல் பென்சில்வேனியாவில் பெப்பர் என்ற டால்மேஷன் நாய் திருடுபோய், வியாபாரிகள் கை மாறி, நியூயார்க்கில் ஒரு மருத்துவமனை ஆய்வில் செத்தது. மறு வருஷம் லைஃப் பத்திரிகை நாய் வியாபாரிகளின் கொட்டடிகளைப் படத்தோடு வெளியிட்டது. ஜனங்கள் கொதித்துப் போனார்கள். அந்த ஆகஸ்டில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தில் ஆறு வகைப் பிராணிகள் இருந்தன: நாய், பூனை, குரங்கு, முயல், ஹாம்ஸ்டர், கினி பிக். ஆய்வகத்தில் இருக்கும் கினி பிக்குக்கு அன்றிலிருந்து ஒரு பாதுகாப்பு உண்டு. ஆனால் சட்டத்தின் கனம் விழுந்தது ஆய்வகங்கள் மீதும் பெரிய வியாபாரிகள் மீதும். வீட்டில் சின்ன அளவில் வளர்த்து விற்பவருக்கு விலக்கு உண்டு. அட்டைப் பெட்டியோடு ஏலத்துக்கு வருபவர் பல நேரம் அந்த விலக்குக்குள் இருப்பார். விநோதம் என்னவென்றால், ஆய்வகக் கூண்டில் இருக்கும் கினி பிக்குக்கு வைட்டமின் சி தவறாமல் போகும். குறைந்தால் ஆய்வு முடிவு கெட்டுவிடுமே!

சரி, விலை கொடுத்து வாங்கி மீட்பது சரியா? இதுக்கு வரலாற்றில் ஒரு அழகான உதாரணம் இருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் படை தன் குதிரைகளை எகிப்திலேயே விற்றுவிட்டுப் போனது. 1930-ல் கெய்ரோவுக்குப் போன டாரத்தி புரூக் என்ற பெண்மணி, அந்தக் குதிரைகள் கிழடாகி, எலும்பும் தோலுமாகத் தெருவில் வண்டி இழுப்பதைப் பார்த்தார். 1931-ல் லண்டன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். பணம் கொட்டியது. மூன்று வருஷத்தில் 5000 குதிரைகளை வாங்கினார். பெரும்பாலானவை பிழைக்கும் நிலையில் இல்லை, கொஞ்ச நாள் நல்ல தீனி, நிழல் கொடுத்து வலியில்லாமல் முடித்து வைத்தார். 1934-ல் அங்கே இலவச ஆஸ்பத்திரி தொடங்கினார்.

ஏல மீட்பர்கள் பலர் இவரைத்தான் முன்மாதிரியாகச் சொல்வார்கள். எனக்கு அந்த ஒப்பீடு முழுசாக ஒத்துவரவில்லை. போர்க்குதிரைகளின் எண்ணிக்கைக்கு ஒரு எல்லை இருந்தது. 1918-க்குப் பிறகு புதிதாக ஒரு "பழைய போர்க்குதிரை" பிறக்க முடியாது. வாங்க வாங்கக் குறைந்தது.

கினி பிக் அப்படியா? பெண் குட்டி பிறந்து நாலைந்து வாரத்திலேயே கருத்தரிக்கும். ஆண் மூன்று வாரத்திலேயே தயார். கர்ப்பம் 59 முதல் 72 நாள். இரண்டு முதல் நாலு குட்டி. குட்டி போட்ட அன்றைக்கே, சில மணி நேரத்தில், மறுபடி கருத்தரிக்கும். ஆணும் பெண்ணும் கலந்து கிடக்கும் பெட்டியை ஒருவர் நல்ல விலைக்கு வாங்கினால், விற்றவருக்கு அது "சரக்கு ஓடுது" என்ற செய்தி. அடுத்த மாதம் இரண்டு பெட்டி வரும். இரக்கம் இங்கே தேவையைக் கூட்டுகிறது.

அதுக்காக வலியில் கத்தும் ஒன்றை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லமாட்டேன். எதிரே படுத்திருக்கும் நோயாளியைப் பார்த்து "உன்னைக் காப்பாத்தினா புள்ளிவிவரம் மாறாது" என்று எந்த டாக்டரும் சொல்வதில்லை. ஆனால் போட்டி போட்டு விலையை ஏற்றுவது வேறு, யாரும் கேட்காமல் மிஞ்சியதை ஏலக்காரரிடம் பேசி வாங்கிக்கொள்வது வேறு. விற்பவரிடமே "முயல் தீவனம் போடாதீங்க, ஆணையும் பெண்ணையும் பிரிச்சு வைங்க" என்று சொல்லிக் கேட்க வைத்தவர் ஒரு பெட்டியை வாங்கியவரைவிட அதிக உயிரைக் காப்பாற்றுகிறார் என்பது என் கணக்கு. கேட்கவில்லையா, ஸ்மித்ஃபீல்டு வழி இருக்கிறது: புகார், அதிகாரி, வழக்கு. அது ஃபோட்டோவில் அழகாக இருக்காது, லைக்கும் வராது.

வீட்டுக்கு வந்த பிறகு வேலை இன்னும் நீளம். மீட்கப்பட்ட பெண் கினி பிக்கைக் கர்ப்பம் என்றே வைத்துக்கொண்டு பத்து வாரத்துக்கு மேல் தனியாக வைத்துக் காத்திருப்பார்கள். ஆறேழு மாசம் வரை குட்டி போடாத பெண்ணுக்கு இடுப்பெலும்பின் மூட்டு இறுகிவிடும், அதன் பிறகு வரும் முதல் பிரசவம் சிசேரியனில் முடியலாம், அல்லது சாவில். உண்ணி வகைப் பூச்சி தோலுக்குள் துளைத்து, அரிப்பு தாங்காமல் வலிப்பு மாதிரித் துடிப்பதும் உண்டு. படர்தாமரை இருந்தால் அது தூக்குகிறவங்க கைக்கும் வரும். கையுறை போடுங்க, கையைக் கழுவுங்க, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பிராணியோடு உடனே சேர்க்காதீங்க.

ரொம்ப முக்கியமான ஒன்று. சளி, புண் என்று வீட்டில் மிச்சம் இருக்கும் அமாக்சிசிலினைக் கரைத்து ஊற்றிவிடாதீங்க. பென்சிலின் வகை மருந்து கினி பிக்கின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்து, நச்சுக் கிருமியை வளரவிட்டு, சில நாளில் கொன்றுவிடும். 1940 மே மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரி குழு பென்சிலினை முதன்முதலில் எட்டு சுண்டெலிகளில் சோதித்தது. சுண்டெலியை எடுத்தது நம் அதிர்ஷ்டம். அன்று அந்த மேசையில் கினி பிக் இருந்திருந்தால், "இது விஷம்" என்று புட்டியை மூடி வைத்திருக்கலாம். ஸ்கர்வி விஷயத்தில் எலி உதவியிருக்காது, பென்சிலின் விஷயத்தில் கினி பிக் உதவியிருக்காது. எந்தப் பிராணியைக் கேட்கிறோம் என்பதில் எவ்வளவு இருக்கிறது பாருங்க.

நம்ம ஊரில் கால்நடை ஏலத்தில் இது வருவதில்லை, பெட் ஷாப்பில் வருகிறது. 2018-லிருந்து பெட் ஷாப்புகளுக்கு விதிமுறை உண்டு, மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். வாங்கினவங்க பல பேர் போடுவது வெறும் கேரட்டும் முயல் பெல்லட்டும்தான். கினி பிக்குக்கென்றே விற்கும் பெல்லட்டில் வைட்டமின் சி இருக்கும், ஆனால் தயாரித்து மூன்று மாதம் ஆகிவிட்டால் அதையும் நம்ப முடியாது. தண்ணீரில் கலக்கும் சொட்டு மருந்தும் வெளிச்சத்தில் சீக்கிரம் வீரியம் இழக்கும்.

ஒரு கிலோ எடைக்குத் தினம் சுமார் 10 மில்லிகிராம் வேண்டும், கர்ப்பமாக இருந்தால் 30 வரை. எப்போதும் வைக்கோல் போன்ற காய்ந்த புல் தாராளமாக இருக்கணும், கூடவே பச்சைக் காய். ஸ்கர்வியோடு வந்தவற்றுக்குக் கால்நடை டாக்டர் வைட்டமின் சி-யை மருந்தாகவே கொடுப்பார், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் எழுந்து நடக்க ஆரம்பிக்கும். அதன் பிறகு தினம் கூண்டுக்குள் என்ன போடுவது என்று மீட்பவர்களைக் கேட்டால் அநேகமாக எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வாங்க. ஒரு துண்டு குடைமிளகாய். சென்ட்-ஜியோர்ஜியின் பாப்ரிகாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி.